ஒரு நாள் பூ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தெருமுனையில் ஒரு பதௌக் மரம் நிற்கிறது. பர்மியப் புத்தாண்டுக்கு வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவை ஒட்டி, ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் போதும், மரம் முழுக்க மஞ்சள். நம் சித்திரைப் பிறப்பும் அதே வாரம்தான். ஆயுள் என்னவோ ஒரு நாள். அதற்குள் பர்மியப் பெண்கள் பறித்துக் கொண்டையில் செருகிக்கொள்வார்கள். நானும் முருகன் படத்துக்கு ஒரு கொத்து வைப்பேன்.

பதௌக்கும் நம் ஊர் வேங்கையும் ஒரே பேரினம். பாறையில் உதிர்ந்த வேங்கைப் பூவைப் புலி என்று சங்கப் புலவர்கள் பாடியதைப் பள்ளியில் படித்தபோது மிகை என்றே நினைத்தேன். போன வருடம், அவர் போன பிறகு வந்த முதல் சித்திரையில், விடியற்காலை கதவைத் திறந்தேன். வாசல் சிமெண்டெல்லாம் மஞ்சள் வரி, நடுவில் இரண்டு மைனாக்கள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இந்த வருடம் மின்கம்பியில் உரசுகிறது என்று மார்ச் கடைசியிலேயே கிளைகளை வெட்டிவிட்டார்கள். சரி, கம்பியும் முக்கியம்தான். பூத்து முடிந்ததும் வெட்டக் கூடாதா?

ஒரு வாசகி,
ரங்கூன்