எந்த விளையாட்டுப் பெட்டி என்று கேட்டிருந்தாய்

வெள்ளவத்தை

அன்பு மகனுக்கு,

அக்காவின் பிள்ளைகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் 2 விளையாட்டுப் பெட்டி அனுப்பட்டுமா, அத்தானுக்கு எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் ஒன்றையும் சேர்த்து அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு, நான் கேட்டிருந்த எதற்கும் பதில் எழுதாமல் விட்டிருக்கிறாய். ஆகவே நீ கேட்டதற்கே பதில் எழுதுகிறேன். இரண்டும் வேண்டாம். விலை குறைந்த ஒன்றே போதும்.

காரணமில்லாமல் சொல்லவில்லை. கவினைப் பக்கத்தில் இருத்தி விசாரித்தேன். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் ஏறி இறங்கினேன். நீ முன்பு அனுப்பிய ஸ்விட்ச் லைட், தனியாக விளையாடும் ஒரு பிள்ளைக்கு மிக நல்ல சாமான். 5.5 அங்குலத் திரை, கைக்கு அடக்கம். 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்சாரத்தை நிறுத்திய நாட்களில், சார்ஜ் இருக்கும் வரையாவது அவனை அமைதியாக வைத்திருந்தது அதுதான். ஆனால் அதைத் தொலைக்காட்சியில் இணைக்க முடியாது. கொன்ட்ரோலரைக் கழற்றித் தங்கையிடம் ஒன்றைக் கொடுக்கவும் முடியாது. பிஸ்கட் தின்ற கையோடு யாழினி அதைப் பிடித்ததில் இடப்பக்கக் குமிழுக்குள் தூள் போய், எவரும் தொடாமலே திரையில் நிற்கும் பொம்மை இடப்புறமாக நடந்து தண்ணீருக்குள் விழுகிறது. “பாருங்கோ அம்மம்மா” என்று அவன் அழாக்குறையாகக் காட்டுகிறான். குமிழ் உடலோடு சேர்ந்தே இருப்பதால் முழுவதையும் திறந்துதான் திருத்த வேண்டுமாம். சாதாரண ஸ்விட்ச் என்றால் கொன்ட்ரோலரை மட்டும் மாற்றிவிடலாம்.

அத்தானுக்குச் சீரிஸ் எஸ் எதற்கு? அதில் டிஸ்க் போட இடமில்லை. எல்லாவற்றையும் இணையத்தில்தான் இறக்க வேண்டும். பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிகாபைட்டையும் தாண்டுமாம். அக்கா வீட்டு மாத டேட்டா அதிலேயே கரைந்துவிடும். ஞாயிறு மாலையில் சற்று நேரம் பந்தடிக்கிற மனிதருக்கு அது அநியாயச் செலவு. ஸ்விட்ச் விளையாட்டுக் கார்ட் என்றால் கவின் தன் சிநேகிதர்களோடு மாற்றி மாற்றி விளையாடுவான்.

ஸ்விட்ச் 2 நல்லதுதான். பழைய கார்ட்களில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். மாமா வாங்கித் தருவார் என்று கவின் வகுப்பு முழுவதும் சொல்லி வைத்திருக்கிறான். கேட்டதும் கொடுக்கிற பிள்ளை என்று எனக்கும் பெருமைதான். ஆனால் வெளிவந்தபோதே ஏறத்தாழ 396 பவுண்ட்ஸுக்கு விற்ற சாமானை இப்போது நீ வாங்க வேண்டாம். இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

லைட்டில் நண்பர் பட்டியல் ஒன்று இருக்கிறது. பாடசாலை விட்டு வந்ததும் “மாமா ஒன்லைன்” என்று கவின் துள்ளுகிறான். இங்கே பிற்பகல் மூன்று மணி என்றால் உனக்குக் காலை பத்தரை. சனி ஞாயிறில் அல்ல, கிழமை நாட்களில். வேலை நேரத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். முன்பெல்லாம் எதையும் முதலில் எனக்குத்தான் சொல்வாய்.

ஆகவே என் முடிவு இது: கொன்ட்ரோலர் கழறும், தொலைக்காட்சியிலும் இணைக்கக்கூடிய சாதாரண ஸ்விட்ச் ஒன்று, பாவித்தது என்றாலும் பரவாயில்லை. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கொன்ட்ரோலரோடு விளையாடுவார்கள், அத்தானும் சேர்ந்துகொள்வார். லைட்டைத் திருத்திக் கவினிடமே விட்டுவிடலாம். இரண்டு செலவையும் என் ஓய்வூதியத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ ஒரு சதமும் அனுப்பாதே. திரும்பவும் சொல்கிறேன், அனுப்பாதே.

மூன்று மணிக்கு நான் அக்கா வீட்டில்தான் இருப்பேன். விளையாட்டைச் சற்று நிறுத்திவிட்டு எனக்கு ஒரு கோல் எடு. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா