பென்னாகரத்திலிருந்து ஓசூருக்கு

பென்னாகரம்,
ஞாயிறு இரவு.

அன்பு மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலம் தள்ளாதே, ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடு. நாம் குடித்து வளர்ந்த கிணற்றுத் தண்ணீருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று டாக்டரிடம் கேள். இங்கே எல்லோரும் நலம். புளி நன்றாகக் காய்த்திருக்கிறது, உலுக்கத்தான் ஆள் இல்லை. மரம் ஏறத் தெரிந்தவர்கள் எல்லாம் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள்.

நீ கேட்ட கேள்வியும் இதைப் பற்றியதுதான். பின்தங்கிய பகுதி என்று அரசு சலுகை கொடுத்ததால்தானே ஓசூர் இன்று மாநகராட்சியாக நிற்கிறது, அதே வழியில் மற்ற ஊர்களும் முன்னேறாதா என்று எழுதியிருந்தாய். சலுகையால் நல்லது நடந்ததை நான் மறுக்க மாட்டேன். 1981இல் நீ டிரங்குப் பெட்டியோடு ஓசூர் ஆலை வேலைக்குப் பஸ் ஏறியதும், அடுத்த வருஷமே உன் அம்மா கூரையை எடுத்துவிட்டு ஓடு போட்டதும் என் கண்ணில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சலுகை எந்த ஊர்களின் வறுமையைக் காட்டி வந்தது? பென்னாகரமும் ஓசூரும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டம் முழுவதையும் காட்டி. பின்தங்கிய பகுதியில் ஆலை வைத்தால் போட்ட முதலில் ஒரு பங்கை மானியமாகத் தருகிறோம் என்று 1971இல் மத்திய அரசு திட்டம் கொண்டுவந்தது. முதலில் 10 சதவீதம், 1973இல் 15 சதவீதம். எது பின்தங்கிய மாவட்டம் என்பதற்கு அரசு அமைத்த பாண்டே குழு சொன்ன அடையாளங்களில் ஒன்று, பெரிய நகரத்திலிருந்து சுமார் 50 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது. பெங்களூரிலிருந்து ஓசூர் 25 மைல்! மாவட்டத்தை மொத்தமாக ஒரே கோட்டுக்குள் அடைத்ததில் இது அடிபட்டுப் போயிற்று. மானியம் பென்னாகரத்திலும் அதேதான், ஓசூரிலும் அதேதான் என்றால் முதலாளி எங்கே இடம் பார்ப்பார்? பெங்களூருக்கு ஒரு மணி நேரத்தில் போகிற இடத்தில்தான். அவரை நான் குறை சொல்லவில்லை. கோடு போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இது நம் மாவட்டத்துக் கதை மட்டுமில்லை. பின்தங்கிய பகுதிகளை ஆராய 1978இல் அமைத்த சிவராமன் குழுவும் இதைத்தான் கண்டது: மானியத்தில் பெரும்பங்கு ஒரு சில மாவட்டங்களுக்கே, அதுவும் ஏற்கெனவே வளர்ந்த தொழில் நகரங்களை ஒட்டியவற்றுக்கே போயிருந்தது. 1988இல் மானியமே நின்றது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி, ஓசூர் அந்தப் பக்கம் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்க வேண்டும். போன வாரம் மருமகனை வழியனுப்பப் போயிருந்தேன். பெங்களூர் பஸ் நிற்கும் இடத்தில் மேஸ்திரிகளும் சித்தாள்களும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். சிமெண்டுச் சாக்கில் சுற்றிய கரணை, மட்டப்பலகை, ஒரு பையில் ராகி மாவு. ஒரு பெண் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் மூத்தவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பையன் அழவில்லை. பழகிவிட்டான் போல. 32 வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்கு அதுதான் தாங்கவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அவன் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

அப்படியானால் அரசு என்னதான் செய்ய முடியும் என்று கேட்பாய். ஒன்று செய்தது, அதை என் வீட்டிலேயே பார்க்கிறேன். நம் பக்கத்துத் தண்ணீரில் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடு அதிகம் என்பது உனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளியில் குரூப் போட்டோ எடுக்க வந்தவர் சிரிக்கச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்ளும். பல்லெல்லாம் காவி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. சுமார் 1,900 கோடி ரூபாய், பெரும்பகுதி ஜப்பான் கடன். இப்போது ஒன்பது வயதாகும் என் பேத்திக்குப் பால்பல் விழுந்து முளைத்த முன்பற்கள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. போட்டோ என்றால் முதல் ஆளாகப் போய் நின்று இளிக்கிறாள். இந்தத் திட்டத்தில் காசு முதலாளி கைக்குப் போகவில்லை, குழாயாக ஊருக்குள் வந்தது. அதனால் அது எங்கேயும் ஓடிப் போக முடியாது.

ரயில் கதை வேறு. மொரப்பூர் – தருமபுரி பாதை, வெறும் 36 கிலோமீட்டர். வெள்ளைக்காரன் காலத்தில் சின்ன ரயில் ஓடிய வழி, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மூடிவிட்டார்கள். 2016-17 பட்ஜெட்டில் ஒப்புதல், 2019இல் அடிக்கல், ரயிலைத்தான் இன்னும் காணோம். உங்கள் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024இல் அறிவிப்பு வந்தபோது சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை. கூடவே இந்த 36 கிலோமீட்டரும் ஞாபகம் வந்தது.

மாவட்டத்தை விட்டுவிட்டு வட்டாரத்தைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதை இப்போது நம் அரசும் ஒத்துக்கொண்டிருக்கிறது. மாநில சமச்சீர் வளர்ச்சி நிதி என்று 2012-13இல் தொடங்கினார்கள். வளமிகு வட்டாரங்கள் என்று 50 வட்டாரங்களுக்குத் தனித் திட்டமும் வந்தது. வழி சரி, பணம்தான் போதாது. சமச்சீர் நிதிக்கு வருஷத்துக்கு 100 கோடி என்றார்கள். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி. சென்னைக்கு மெட்ரோ வேண்டாம் என்று சொல்வேனா? என் மகளே அங்கேதான் இருக்கிறாள். ஆனால் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மத்திய வரிப் பங்கில் 15ஆவது நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம்தான் கொடுத்தது என்று டெல்லியிடம் நியாயம் கேட்கிற நாம், பென்னாகரமும் அரூரும் சென்னையிடம் அதே நியாயத்தைக் கேட்டால் காது கொடுக்க வேண்டாமா?

இப்போது தருமபுரிக்கும் சிப்காட் தொழிற்பேட்டை வருகிறது, அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம். வரட்டும். நெடுஞ்சாலை ஓரத்தோடு நின்றுவிடாமல், இங்கிருந்து காலையில் போய் ராத்திரி வீடு திரும்புகிற மாதிரி பஸ் விட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஐடிஐயில் பயிற்சி கொடுக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்க எழுதி வைத்திருக்கிறேன். நீ ஆலையில் இத்தனை வருஷம் இருந்தவன், என்னென்ன வேலைக்கு ஆள் எடுப்பார்கள், எந்தப் பிரிவு படித்திருக்க வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். ஒரு பக்கம் எழுதி அனுப்பு, சேர்த்துக்கொள்கிறேன்.

முடிந்தால் பங்குனியில் நேரிலேயே வா. பஸ்ஸில் வராதே, முட்டி தாங்காது. ரயிலில் தருமபுரிக்கு வந்துவிடு, ஸ்டேஷனுக்குப் பையனை அனுப்புகிறேன். கொட்டை எடுத்த புதுப் புளி ஐந்து கிலோ உன் வீட்டுக்கு என்று தனியாக எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் கல்லூரி அறைத்தோழன்