ஹெட்கார்டு போட்டா போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். என் பொண்ணுக்கு பத்து வயசு, எட்டு மாசமா பாக்ஸிங் போறா. முதல் நாள் கோச் கையில க்ளவுஸே தரலை, துணிப்பட்டையை கட்டைவிரல்ல மாட்டி மணிக்கட்டு, விரல் முட்டின்னு சுத்தப் பழகுறதுலயே ஒரு மணி நேரம் போச்சு, என்னடா இதுன்னு இருந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சுது அது இல்லாம பையைக் குத்தினா மணிக்கட்டு மடங்கிடும்னு.

ஸ்கிப்பிங், கால் நகர்த்துறது, கோச் கையில பிடிக்கிற மெத்தைல (பேட்) குத்துறது இதெல்லாம் அருமையான பயிற்சி. சிக்கலே ஸ்பாரிங்லதான், அதாவது ரெண்டு பேர் எதிரெதிரே நின்னு பயிற்சிக்காக மோதுறதுல. ஹெட்கார்டு (ஸ்பான்ஜ் வச்ச தலைக்கவசம்) போட்டாச்சுல்ல, அப்புறம் என்னன்னு நிறைய பேரன்ட்ஸ் கேக்குறாங்க. அது முகம் கிழியறதைக் குறைக்கும், அவ்வளவுதான், அடி விழுந்தா மண்டை ஆடும், உள்ள மூளையும் சேர்ந்து ஆடும், அதை எந்த ஸ்பான்ஜும் நிறுத்தாது. 2011ல அமெரிக்க, கனடா குழந்தை மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து பசங்களுக்கு பாக்ஸிங்கே வேணாம்னு சொல்லிட்டாங்க. நான் அவ்வளவு தூரம் போகலை (அவ விடமாட்டா!), ஆனா ஸ்பாரிங் கிடையாதுன்னு கோச்கிட்ட சொல்லிட்டேன்.

தலைல அடிபட்ட பிள்ளை தலைவலிங்குது, வாந்தி எடுக்குது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேக்குதுன்னா உடனே நிறுத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அவர் சரின்னு சொல்ற வரைக்கும் ரிங் பக்கமே விடாதீங்க. மயக்கம் போட்டாதான் கன்கஷன், அதாவது அடியால மூளை அதிர்ந்திருக்குன்னு இல்ல. அப்புறம் வெயிட் பிரிவுக்காக வளர்ற பிள்ளையை பட்டினி போடச் சொல்ற கோச்னா, தயவுசெஞ்சு வேற இடம் பாருங்க.

இப்படிக்கு,
ஒரு அம்மா