செத்த பாக்டீரியாவும் உதவும், ஆனால் எடை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பாம்பனில் இப்போது அடிக்கிற வெயிலில் காலையில் எடுத்து வைத்த தயிர் மத்தியானத்துக்குள் புளித்துவிடுகிறது. கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். அதனால், சூட்டில் செத்த நல்ல பாக்டீரியாவும் குடலுக்கு உதவும் என்பது எங்களுக்குப் பெரிய செய்தி. அதற்கு ஃபிரிட்ஜ் தேவையில்லையே!

2019-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவைச் உடல் பருமன் உள்ளவர்களில் சிலருக்கு உயிரோடும், சிலருக்குச் சூடாக்கிச் சாகடித்தும் 3 மாதம் கொடுத்தார்கள்; மற்றவர்களுக்குப் பாக்டீரியா இல்லாத போலி மருந்து. முழுதாக முடித்தவர்கள் 32 பேர்தான். போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், சூடாக்கியதை எடுத்தவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்தது, கொலஸ்ட்ராலும் குறைந்தது. அந்தப் பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு புரதம் சூட்டிலும் கெடாமல் நிற்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் எடை பெரிதாகக் குறையவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் என் நாத்தனாரிடம் ஒரு கடையில் “பத்துக் கிலோ இறங்கும்” என்று சொல்லி ஒரு பாக்கெட்டை விற்றிருக்கிறார்கள். மீன் விற்ற காசு அது. பாக்கெட்டில் என்ன பாக்டீரியா என்றுகூடப் போடவில்லை. அதை நம்பி, காலையில் குடிக்கிற நீராகாரத்தையும் நிறுத்திவிட்டார்.

இது பற்றி ஒரு குடல் மருத்துவரிடம் கேட்டு, எளிய தமிழில் உங்கள் நாளிதழில் எழுதுங்கள்.

வாசகி,
பாம்பன்.