லேசர் கோடு எங்கே விழ வேண்டும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருப்பூரில் வீட்டு முன்னறையில் ஹீட் பிரஸ் (சூட்டில் அழுத்திப் படம் ஒட்டும் இயந்திரம்) வைத்து, பள்ளி விளையாட்டு விழாக்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் டீ-ஷர்ட் (எங்கள் ஊர்ப் பேச்சில் பனியன்) அடித்துத் தருகிறேன். படத்தை நேராக வைக்க உதவும்படி துணியின் மேல் ஒளிக்கோடு காட்டும் லேசர் கைடை இப்போது சிறு யூனிட்டுகளிலும் மாட்டுகிறார்கள். நல்ல விஷயம். டிடிஎஃப் ஸ்டிக்கரை (ஃபிலிமில் அச்சிட்டுத் துணிக்கு மாற்றும் படம்) 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்திய பிறகு நகர்த்த முடியாது. கோணலாக விழுந்தால் அந்தப் பீஸ் வீண்.

ஆனால் லேசர் காட்டுவது பிரஸ்ஸில் துணி விரிக்கும் மேடையின் நடுவை, பனியனின் நடுவை அல்ல. இதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. டீ-ஷர்ட்டுக்குப் பயன்படும் சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பின்னல் துணி முறுக்கிக்கொள்ளும், அதனால் பக்கத் தையலை நம்பக் கூடாது. பனியனை நீளவாக்கில் மடித்து, இரண்டு தோள் தையலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வைத்து, மடிப்பை விரலால் அழுத்தி நீவ வேண்டும். விரித்ததும் அந்த மடிப்பின் மேலேயே லேசரின் பச்சைக் கோடு ஓடினால் சரி. குறுக்குக் கோடு, பெரியவர் அளவுக்குக் கழுத்துப் பட்டியிலிருந்து சுமார் 3 அங்குலம் கீழே. குழந்தைகளுக்கு இன்னும் மேலே.

கண் விஷயமும் இருக்கிறது. லேசர்களை ஆபத்தின் அளவைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத இரண்டாம் வகுப்பு லேசர் தவறிக் கண்ணில் பட்டாலும் இமை மூடிக் காத்துக்கொள்ளும். மலிவு விலையில் வரும் சிலவற்றில் வகுப்பே அச்சிடுவதில்லை. ஸ்டீல் ஸ்கேலில் பட்டால் கோடு முகத்துக்கே திரும்புகிறது. நாள் முழுக்க எதிரில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வகுப்பு லேபிள் இல்லாத லேசரை விற்க அதிகாரிகள் அனுமதிக்கக் கூடாது.

வாசகி, திருப்பூர்