தம்பிக்கு, இன்சூரன்ஸ் பற்றி

தம்பி,

பருப்புப் பொடியும் மிளகாய்ப் பொடியும் செவ்வாய்க்கிழமை தபாலில் போட்டேன். அதே முகவரிக்குத்தான். மாறவில்லையே? வந்ததும் ஒரு வரி எழுது, அம்மா தினமும் கேட்கிறாள்.

அக்கா குழந்தைக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. வேறு விசேஷம் இல்லை. அப்புறம், இன்சூரன்ஸ் பேப்பர் எது வந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதே. வேலை போனால், பழைய கம்பெனியின் ஹெல்த் இன்சூரன்ஸையே நம் காசில் தொடர்கிற கோப்ரா என்று ஒன்று இருக்கிறது, அதை எடுக்க 60 நாள்தான் தருவார்கள். பொதுவாகச் சொல்கிறேன், உனக்கென்று இல்லை. ஆனால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட இன்சூரன்ஸ் இல்லாமல் இருக்கக் கூடாது.

உங்கள் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் ஹெட் கோச்சை வேலையிலிருந்து அனுப்பிவிட்டதை டிவியில் பார்த்தேன். அவருக்கு ஒப்பந்தப் பணம் வந்துவிடும். 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் யுனிவர்சிட்டி தன் ஹெட் கோச் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது 7.5 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்ததாம். கூட இருக்கிற சின்ன கோச்சுகளுக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் எழுதுவதில்லை. புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார், அது எனக்கும் தெரியும்.

காலேஜ் ஃபுட்பாலின் பெரிய கோச் நிக் சேபனைப் பற்றி இந்த வாரம் நிறையப் படித்தேன். அலபாமாவில் மட்டும் ஆறு சாம்பியன்ஷிப், அதற்கு முன் லூசியானா ஸ்டேட்டில் (எல்எஸ்யூ) ஒன்று, 2024 ஜனவரியில் ஓய்வு, இதெல்லாம் உனக்கு மனப்பாடம். நான் திரும்பத் திரும்பப் படித்தது 1981-ஐ. ஒஹாயோ ஸ்டேட்டில் டிஃபென்ஸ் உதவி கோச்சாக இருந்தார், சீசன் முடிந்ததும் மற்ற டிஃபென்ஸ் கோச்சுகளோடு சேர்த்து அவரையும் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருடம் நேவி அகாடமி டீமில் உதவி கோச் வேலை. கடைசியில் 1990-ல் நம் ஊர் டொலிடோ யுனிவர்சிட்டியில்தான் முதல் தடவை ஹெட் கோச் ஆனார். அந்த வருடம் 9 வெற்றி, 2 தோல்வி. அவர்கள் ஸ்டேடியம் கிளாஸ் பவுல் வழியாக இருபது வருடம் வேலைக்குப் போயிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. உதவியாளாகச் சேர்ந்ததிலிருந்து கணக்குப் போட்டால் 17 வருடம். உனக்கு இப்போதுதான் ஐந்து.

சாப்பாட்டை விடாதே. அந்தப் பேப்பரையும் பார்.

சேபனுடைய அப்பா வெஸ்ட் வர்ஜீனியாவில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர். மகன் கார் கழுவியதில் ஒரு கோடு தெரிந்தாலும் மறுபடி கழுவச் சொல்வாராம். ஊர்ப் பையன்களைச் சேர்த்து ஒரு ஃபுட்பால் டீமும் நடத்தினார். 1973-ல், மகன் கென்ட் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் ஹெட் கோச் டான் ஜேம்ஸிடம் உதவியாளாகச் சேர்ந்த வருடமே, 46 வயதில் போய்விட்டார். மகன் ஹெட் கோச் ஆனதை அவர் பார்க்கவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன், எத்தனை மேட்ச் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்.

மதுரைக் கல்யாணத்தில் பெரியப்பா கேட்டார், சின்னவன் என்ன செய்கிறான் என்று. யுனிவர்சிட்டியில் இருக்கிறான் என்றேன். புரொஃபசரா என்றார். நான் தலையாட்டினேன். நீ இரண்டடி பின்னால் நின்றாய். காரில் திரும்பி வரும்போது நீ பேசவே இல்லை, தூக்கம் என்று அம்மாவிடம் சொன்னேன். தூக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். நாலு வருடமாக அதை உன்னிடம் எடுக்கத் தைரியம் வரவில்லை. இப்போது நீ போன் எடுக்காமல் இருப்பதற்குக் காரணமும் அந்தத் தலையாட்டல்தான் என்று நினைக்கிறேன். என்னிடம் நீ எப்படிச் சொல்வாய்?

நேற்று பெரியப்பாவைக் கூப்பிட்டேன். அவன் புரொஃபசர் இல்லை, ஃபுட்பால் கோச், அன்றைக்கு நான் பொய் சொன்னேன் என்றேன். காலால் உதைக்கிற ஃபுட்பாலா என்று கேட்டார். கார்னர்பேக் என்றால் என்ன, அவர்களுக்கு நீ என்ன சொல்லிக்கொடுக்கிறாய் என்று அரைமணி நேரம் விளக்கினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை நீ வந்து சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

மாடி அறையில் ஹீட்டர் சரிசெய்துவிட்டேன். ராத்திரி எந்நேரமானாலும் கிளம்பி வா. அந்தப் பேப்பரை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

அப்பா