பேச்சு வரவில்லையா, முதலில் காதைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்றரை வயதாகியும் பிள்ளை பேசவில்லையே என்று கவலைப்பட்டால், அக்கம்பக்கத்தில் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். அவங்கப்பாவே மூணு வயசுலதான் பேசினாரு." தாமதமாகத் தொடங்கி, தானாகவே மற்றப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்கும் பிள்ளைகள் நிறைய உண்டு என்பது உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை அப்படி, எந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பதை வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. காத்திருப்பதென்றால் காதைப் பரிசோதித்துவிட்டுக் காத்திருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

"முதுகுக்குப் பின்னால தட்டைத் தட்டினேன், திரும்பிப் பார்த்தான்" என்பார்கள். எவர்சில்வர் தட்டுச் சத்தம் பெரியது. செவித்திறன் பாதி போன பிள்ளையும் அதற்குத் திரும்பும். தரை அதிர்வதற்கும், சுவரில் விழும் நிழலுக்கும்கூடத் திரும்பும். பேச்சில் வரும் 'ஸ்', 'ஷ்' போன்ற ஒலிகளோ மெல்லியவை, சுருதி உயர்ந்தவை. அவை மட்டும் கேட்காத பிள்ளை கதவு சாத்தினால் திடுக்கிடும். பேச்சு மட்டும் அரைகுறையாகக் காதில் விழும். வீட்டில் பார்க்க வேண்டுமென்றால் மின்விசிறி, டிவி இரண்டையும் நிறுத்திவிட்டு, பிள்ளை விளையாட்டில் மூழ்கியிருக்கும்போது ஒரு மீட்டர் பின்னால் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இந்த ஆறில் அடங்கிவிடும். ஒரே தாளத்தில் சொல்லாதீர்கள், பிள்ளை எதிர்பார்த்துத் திரும்பிவிடும். இதுவும் ஒரு துப்புதான், பரிசோதனைக்கு ஈடாகாது.

பிறந்தவுடன் காதுக்கு எடுத்த ஓ.ஏ.இ. சோதனையில் 'பாஸ்' என்று வந்ததே என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அது உட்காதின் வேலையை மட்டும் பார்க்கும். நரம்பில் உள்ள குறையைக் காட்டாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கும், மஞ்சள் காமாலை கடுமையாகி ரத்தம் மாற்றப்பட்ட குழந்தைக்கும், நரம்பையும் பார்க்கும் 'பெரா' சோதனையும் வேண்டும். சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் பிள்ளைகளுக்குப் பரம்பரைச் செவிக்குறை வரும் வாய்ப்பு கூடுதல். அது பிறந்து சில மாதங்கள் கழித்தும் வெளிப்படலாம். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, சில வாரம் கேட்டும் சில வாரம் கேட்காமலும் இருக்கும். காது வலி இருக்காது, சீழும் வராது. அதனால்தான் அது பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை.

பெரா சோதனைக்குப் பிள்ளை தூங்க வேண்டும். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன மின்முனைகளை ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, சேதி நரம்பு வழியே மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பார்கள். பலருக்கு அந்த நாள் வீணாவது எண்ணெயால்தான். தலை நிறைய எண்ணெய் வைத்து, பவுடர் போட்டு, மைப்பொட்டும் இட்டுக் கூட்டிப்போனால் மின்முனை ஒட்டாது. முந்தின நாளே தலைக்குக் குளிப்பாட்டி, எதுவும் தடவாமல் கூட்டிப்போங்கள். காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுங்கள், வழியில் ஆட்டோவில் தூங்கவிடாதீர்கள். அந்தக் குலுக்கலில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு ஆஸ்பத்திரி வாசலில் விழித்துக்கொண்ட பிள்ளை அப்புறம் எளிதில் கண் மூடாது. தூக்க மருந்து கொடுப்பார்கள் என்றால், பால், சாப்பாடு எதுவரை கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் தனியாரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனை, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகிய இடங்களில் விசாரிக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் வைக்கும் செவிக்கருவி) பொருத்தும் சிகிச்சையும் உண்டு. சீக்கிரம் பொருத்தினால்தான் பேச்சு நன்றாக வரும் என்பதால் 5 வயது வரை காத்திருக்க வேண்டாம்.

வார்த்தைகளை எண்ணுவதிலும் குழப்பம் உண்டு. 'மம்மு', 'ஜோஜோ' எல்லாம் வார்த்தைதான். பாலை எப்போதும் 'ப்பா' என்றே கேட்டால் அதுவும் கணக்கில் சேரும். வீட்டில் தமிழ், பாட்டியோடு தெலுங்கு என்றால் இரண்டையும் கூட்டி எண்ண வேண்டும். இரண்டு மொழி பேசுவதால் பேச்சு தள்ளிப்போவதில்லை. ஆனால் போனைப் பார்த்து ஆங்கில எழுத்தை இருபத்தாறும் ஒப்பிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை என்றால், அந்த ஒப்பித்தலைப் பேச்சாக எண்ணாதீர்கள். ஒரு வயதில் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். ஒன்றரை வயதில் அம்மா, அப்பா போக மூன்று வார்த்தையாவது வேண்டும். இரண்டு வயதில் 'பால் வேணும்', 'தாத்தா வா' என்று இரண்டிரண்டாகச் சேர்க்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்று அதைத் தேனில் இழைத்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கும் கிருமி கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கலாம். நாக்குக்கு அடியில் ஒட்டியிருப்பது சில எழுத்துகளின் உச்சரிப்பை வேண்டுமானால் பாதிக்கும்; வார்த்தையே வராமல் தடுக்காது.

வீட்டில் செய்ய வேண்டியதைச் செலவில்லாமலே செய்யலாம். பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, "பாலா, தண்ணியா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். முக்கால்வாசிப் பேர் மூன்று எண்ணுவதற்குள் தாங்களே பதிலும் சொல்லி டம்ளரையும் நீட்டிவிடுகிறோம். பிள்ளைக்கு வாய் திறக்க அவசியமே இல்லாமல் போகிறது. 'ப்பா' என்று வந்தால் "ஆமா, பால். சூடான பால்" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். "பால்னு ஒழுங்காச் சொல்லு, அப்பத்தான் தருவேன்" என்று பிடித்துவைக்காதீர்கள். 'பழம்' என்பது 'பயம்' என்று வந்தாலும் விட்டுவிடுங்கள். ழகரமும் றகரமும் வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். இரண்டு வயது வரை போன் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-லேயே சொல்லிவிட்டது, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டியோடு எப்போதாவது வீடியோவில் பேசுவது தவிர.

மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். 9 மாதத்திலும், 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் தடுப்பூசிக்காகப் பிள்ளைகள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார்கள். 9 மாதத்தில் 'பபப, தத்தத்த என்று சத்தம் போடுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா' என்றும், அடுத்த ஊசியின்போது 'விரல் நீட்டிக் காட்டுகிறதா, எத்தனை வார்த்தை சொல்கிறது' என்றும் செவிலியர் கேட்டால் போதும். தடுப்பூசி அட்டையில் அந்தந்த ஊசியின் தேதிக்குப் பக்கத்திலேயே பதிலையும் எழுதி, சந்தேகம் இருந்தால் அன்றே காது சோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

— ஒரு தாய், பெரம்பூர், சென்னை-11